கல்யாண முருங்கை பூக்கும் துறைமுகம்

கிரானைட் தொழிலில் இருப்பவர்களுக்கு ஷுய்தோ என்ற பெயர் தெரிந்திருக்கும். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் உள்ள ஊர். உலகெங்கும் வெட்டிய பாறைக்கட்டிகள் கப்பலேறி வந்து அங்கே பலகைகளாக அறுபடுகின்றன. நம் கல்லும் போகிறது. அதைச் சரிபார்க்கும் வேலைக்காக எங்கள் ஊரான விக்கிரமங்கலத்திலிருந்து போன நான், பக்கத்துப் பெருநகரமான குவான்சௌவின் பழைய பகுதியில், அடுக்குமாடி ஒன்றில் வீடு எடுத்தேன்.

மூன்று மாத வாடகையை முன்கூட்டியே கொடுத்து, ஒரு மாத வாடகையை அட்வான்ஸாக வைக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும் என்பது அங்கே சட்டம். வீட்டுக்காரரே கூட வந்து முடித்துக் கொடுத்தார். மெத்தை பலகைபோல் கெட்டி. பால்கனியில் கைப்பிடியைச் சுற்றினால் துணிக்கம்பி கூரைவரை ஏறும்; ஈரத்துணிக்குக் கீழே தலை நிமிர்ந்து நடக்கலாம். அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

குடிபோன காலையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பால் காய்ச்சினேன். பொங்கி அடுப்பில் வழிந்த வாசனைக்கு எதிர்வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்தார். தீய்ந்துவிட்டதோ என்று முதலில் பதறினார். புது வீட்டில் பால் பொங்க வேண்டும், அது எங்கள் வழக்கம் என்று கைபேசி மொழிபெயர்த்துச் சொன்னதும் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணத்தோடு வந்தார். சர்க்கரைப் பாகில் மிதக்கும் அரிசிமாவு உருண்டைகள். அவர்கள் ஊரில் புதுமனை புகுகிறவர்கள் இதைத்தான் சாப்பிடுவார்களாம்.

அதன்பின் அவர் வீட்டுத் தேநீர்ப் பலகைக்கு முன் எனக்கும் ஒரு முக்காலி போட்டார்கள். குவான்சௌவைச் சேர்ந்த ஆன்சி மலைப்பகுதித் தேயிலை அது. முதல் நீரை இலை கழுவக் கொட்டிவிடுவார்கள். அடுத்த நீரைத்தான் விரலளவுக் கிண்ணங்களில் ஊற்றுவார்கள். அமாவாசையன்றும் பௌர்ணமியை ஒட்டியும் பாட்டி பழம் வைத்து ஊதுவத்தி ஏற்றினார். தேதி பார்க்காமலே எனக்கு அமாவாசை தெரிந்தது.

அந்த ஊரின் மரம் கல்யாண முருங்கை! நம் வேலிகளில் நிற்கும் அதே முள்மரம், அதே சிவப்புப் பூ. மார்கோ போலோ காலத்து வெளிநாட்டார் இந்தத் துறைமுகத்தை சைத்தூன் என்று அழைத்ததும் அந்த மரத்தின் சீனப் பெயரை வைத்துத்தான்.

686இல் தோன்றிய கையுவான் புத்தர் கோயிலுக்குப் பாட்டிதான் வழி சொன்னார். பெரிய மண்டபத்தின் பின்புறம் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. ஒன்றை நெருங்கிப் பார்த்த எனக்கு மேல் சிலிர்த்தது. நரசிம்மர். சற்றுத் தள்ளி, கோபியரின் சேலைகளோடு மரத்தில் இருக்கும் கண்ணன். பிறகு முதலையிடம் மாட்டிய யானை. அழிந்துபோன ஓர் இந்துக் கோயிலின் தூண்களை எடுத்து வந்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். நாள் முழுதும் கல் பார்க்கிறவன் நான். அந்த உளியின் கைத்திறத்தை விட்டு விலக மனம் வரவில்லை.

நம்மவர்கள் சீனத்துக்குப் போனது பழைய கதை. எங்கள் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திரன் இருந்த காலத்தில், 1033இல், சோழத் தூதுவர்கள் சீன அரசவைக்குப் போனார்கள். 1015இலும் 1077இலும்கூடத் தூது போயிருக்கிறது. ஆனால் தூதுவர்கள் திரும்பிவிடுகிறவர்கள். என் மனம் போனது குவான்சௌவிலேயே தங்கிவிட்ட தமிழ் வணிகர்களிடம். 1281 சித்திரையில் அங்கே ஒரு சிவன் கோயில் எழுந்ததைத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. சம்பந்தப்பெருமாள் என்பவர் குப்லாய் கானின் உடல்நலத்துக்காக எழுப்பியது. அவர்களும் இதே கல்யாண முருங்கைகளுக்கு நடுவேதான் வீடு பிடித்திருப்பார்கள், அடுப்பு மூட்டியிருப்பார்கள், அண்டை வீட்டார் எட்டிப் பார்த்திருப்பார்கள்.

அவர்கள் சந்ததி கலந்து கரைந்துவிட்டது. சாமிக்கு மட்டும் விளக்கு அணையவில்லை. நகருக்கு வெளியே ச்சித்யன் என்ற கிராமத்துச் சிறு கோயிலில் நான்கு கைகளோடு ஒரு கல் அம்மன் அமர்ந்திருக்கிறாள், காலடியில் அசுரன். ஊரார் அவளைத் தங்கள் பௌத்தக் கருணைத் தெய்வமான குவான்யின் என்று கும்பிடுகிறார்கள். ஆரஞ்சுப் பழங்களும் ஊதுவத்திப் புகையுமாக அவளைக் கண்டபோது, நம்மூர்ப் பிள்ளையைத் தம் பிள்ளையாக வளர்த்தவர்களைப் பார்த்த நன்றி எனக்குள் எழுந்தது.

அன்று மாலை பாட்டியிடம் விக்கிரமங்கலத்துப் புத்தர் சிலையின் படத்தைக் காட்டினேன். சோழர் காலத்தவர். பாட்டி கைபேசிக்கே கைகூப்பினார்.

"அமாவாசைக்கு யார் பழம் வைக்கிறார்கள்?"

"எங்கள் ஊரில் இப்போது பௌத்தர்கள் யாரும் இல்லை, பாட்டி."

"அதனால் என்ன? நீ இருக்கிறாயே!"

நான் விடுமுறைக்குக் கிளம்பியபோது, எங்கள் ஊர்ப் புத்தருக்கென்று பாட்டி ஆன்சி தேயிலை ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். முதல் நீரைக் கொட்டிவிட வேண்டும் என்று இன்னொரு தடவை சொல்லி அனுப்பினார்.