புரொப்பல்லருக்கு ஒரு தராசு

எங்க தளவாய்புரத்துல குட்டி விமானம் பறக்க விடுறேன்னு சொன்னா முதல்ல சிரிப்பாங்க. தறிச் சத்தமும் நைட்டி தைக்கிற மெஷின் சத்தமும் பழகின ஊரு. ஆனா வேகமா சுத்துற சாமான் ஒரு பக்கம் கனத்தா ஆகாதுன்னு இந்தச் சுத்துவட்டாரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்துல ராஜபாளையத்துல 1936லயே பஞ்சாலை வந்தாச்சு. மில்லுல ஸ்பிண்டில் நிமிஷத்துக்கு 15,000 சுத்துக்கு மேல ஓடும். லேசா ஆட்டம் கண்டாலும் நூல் அறுந்துரும்.

ரேடியோ கண்ட்ரோல் விமானத்தோட புரொப்பல்லரும் அதே ரகம்தான். புதுசா வாங்கினதுதானேன்னு அப்படியே மாட்டிடுறாங்க பலபேர். ஒரு சின்னக் கணக்கு பாருங்க. பத்து இஞ்ச் புரொப்பல்லர், நிமிஷத்துக்கு 9,000 சுத்து. ஒரு இலையில, நடுவுலேர்ந்து 10 செ.மீ. தள்ளி வெறும் 0.1 கிராம் கூடுதல்னு வைங்க. அந்த வேகத்துல அது கிட்டத்தட்ட 900 கிராம் எடை கட்டித் தொங்கவிட்ட மாதிரி இழுக்கும். அதுவும் சும்மா ஒரு பக்கமா இல்லை, சுத்திச் சுத்தி, வினாடிக்கு 150 தடவை! என் விமானத்தோட மொத்த எடையே அவ்வளவுதான் :-)

அப்புறம் ஸ்க்ரூ கழலும், பேரிங் போகும், சால்டர் விடும். பேட்டரி கனெக்டர் மேல இருக்கும்போது லூசாச்சுன்னா சோலி முடிஞ்சுது.

சரி பண்றது கஷ்டமே இல்லை. ரெண்டு காந்தத்துக்கு நடுவுல கம்பி நிக்கிற பேலன்சர் கிடைக்குது. இல்லையா, ஓட்டைக்கு இறுக்கமா ஒரு நேரான கம்பியைச் செருகி, ரெண்டு டம்ளர் விளிம்புல வைங்க. இலையைப் படுக்கை வாட்டத்துல விட்டா கனமான பக்கம் கீழ இறங்கும். லேசான இலையில செல்லோடேப் துண்டு ஒட்டலாம். இல்லைன்னா கனமான இலையோட தட்டையான முகத்தை நுனிப்பக்கமா உப்புத்தாள் வச்சு தேய்க்கலாம். ஓரத்தைத் தொடாதீங்க, வடிவம் கெட்டுரும். அதோட நிறுத்திடாம செங்குத்தாவும் நிறுத்திப் பாக்கணும். சாஞ்சா கனம் நடு மையத்துல இருக்கு. லேசான பக்கத்துல ஒரு சொட்டு பசை போதும். இந்த ரெண்டாவது வேலையைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க.

இதுல ஒரு வம்பு நடந்தது. அக்கா பையன், பிளஸ் டூ. அறுவடை முடிஞ்ச வயல்ல இறக்கும்போது புரொப்பல்லர் நுனி உடைஞ்சு போச்சு. "மாமா, ஃபெவிகுவிக் போட்டு ஒட்டி, தேய்ச்சு பேலன்ஸ் பண்ணிருவோம். பேலன்சர்ல நேரா நின்னா போதும்தானே?"ங்கிறான். பய சொல்றது கேக்க நியாயமாத்தான் இருந்துது. ஒட்டின துண்டும் பேலன்சர்ல அம்சமா நேரா நிக்கும். ஆனா பேலன்சருக்கு எடை தெரியும், பலம் தெரியாதே. நான் சொன்ன அதே பத்து இஞ்ச், 9,000 சுத்துல நுனி மணிக்கு 430 கி.மீ. வேகத்துல போகுது. பிய்ஞ்சு வந்தா எங்க போகும்? புரொப்பல்லருக்கு நேர் பக்கவாட்டுல. அங்கதான் எங்க தெருப் பொடியன்கள் அத்தனையும் வரிசையா நின்னு வேடிக்கை பாக்கும். எத்தனை தடவை "பின்னால வாங்கடா"ன்னு விரட்டினாலும் கேக்காதுக.

வாங்கி ரெண்டா உடைச்சு குப்பையில போட்டேன். அவன் சேத்த காசுல வாங்கினது. முகம் சுண்டிப்போச்சு. மூணு நாள் என்கிட்ட பேசலை, அக்காவும் ஒருபாட்டம் திட்டித் தீர்த்தா.

புதன்கிழமை கூரியர்ல புதுசு நாலு வந்துது, என் செலவுல. ஒவ்வொண்ணா பேலன்சர்ல வச்சோம். நாலுல ஒண்ணுதான் நேரா நின்னுச்சு. நான் ஒண்ணும் சொல்லலை. அவனே போய் செல்லோடேப்பை எடுத்துட்டு வந்து உக்காந்தான்.