சம்ப் கீழே, டேங்க் மேலே!

குளிர் நாடுகளில் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பாலுக்கு அடுத்த பெரிய கவலை, துணி காய்வதுதான். மொட்டை மாடியும் கொடியும் வெயிலும் இருக்கிற நமக்கு இது சட்டென்று புரியாது. ஜனவரி மாத லண்டனில் பகல் பொழுதே சுமார் 8 மணி நேரம்தான். அதிலும் மழை, இல்லையென்றால் மூட்டம். காலையில் வெளியே போட்ட துணி, மாலையிலும் போட்ட ஈரத்தோடே இருக்கும்.

அப்படியொரு ஜனவரியில், மகளின் பிரசவத்துக்காகத் திண்டுக்கல்லில் இருந்து வந்திருந்தார் அந்த அம்மா. வயது 62. பத்தியச் சமையலும் பேத்தியைக் குளிப்பாட்டுவதும் அவர் பொறுப்பு. மற்றபடி எந்த மெஷின் பக்கம் போனாலும், "அம்மா, அது உனக்குப் புரியாது, விடு" என்பாள் மகள். அன்பாகத்தான் சொன்னாள். ஆனாலும் ஒரு நாளில் நாலு முறை கேட்டால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும்.

குழந்தைக்கு 11-ம் நாள். டிரையர் பாதியில் நின்றது. 'தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யவும்' என்பதற்கான விளக்கு எரிந்தது. மருமகன் தொட்டியை இழுத்துப் பார்த்தால், உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. திரும்பப் போட்டு ஓட்டினாலும் ஐந்தே நிமிடத்தில் அதே விளக்கு. மெக்கானிக் வந்து பார்க்க மட்டும் 80 பவுண்டு, அதுவும் அடுத்த வாரம்தான் என்றார்கள்.

ஈரத்துணி இரண்டு பக்கெட் சேர்ந்துவிட்டது. அம்மா அவற்றை ஹீட்டர் மேல் விரித்துப் போட்டார். மறுநாள் காலையில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் தண்ணீர் வழிந்தது. "ஈரம் ஏறினா சுவரெல்லாம் பூஞ்சை பிடிச்சுடும்மா. பிள்ளைக்கு மூச்சுக்கு ஆகாது" என்று மகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். அவள் சொன்னதும் நியாயம்தான். அம்மா ஒன்றும் பேசவில்லை.

மாலையில் மருமகன் டிரையர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, அம்மா மெதுவாகக் கேட்டார். "மாப்பிள்ளை, துணியில இருக்கிற தண்ணி எங்கேருந்து எங்கே போகுது?"

அவர் பொறுமையாகச் சொன்னார். "சூடான காத்து துணியோட ஈரத்தை எடுத்துக்குது அத்தை. அந்தக் காத்து கண்டென்சர்ல பட்டுக் குளிர்ந்ததும், இட்லிப் பானை மூடியில முத்து முத்தா நிக்குமே, அப்படித் தண்ணியாகுது. அது கீழே ஒரு குழியில சேரும். அங்கேருந்து சின்ன பம்ப் மேலே இருக்கிற தொட்டிக்கு ஏத்தும்."

"அப்ப சம்ப் கீழே, டேங்க் மேலே, நடுவுல மோட்டார். இது நம்ம வீடுதானே!" என்றார் அம்மா. "டேங்க் காலியா இருக்குன்னா, சம்ப்ல தண்ணி நிக்குதுன்னு அர்த்தம். மோட்டார் ஏத்தலை, அவ்வளவுதான்."

விஷயமே அதுதான். இந்த வகை டிரையர்கள் பலவற்றில், விளக்கை எரியவைக்கும் மிதவை மேல் தொட்டியில் இருப்பதில்லை. கீழே குழியில்தான் இருக்கிறது. மேல் தொட்டி நிரம்பினால், மிச்சம் வழிந்து கீழே வந்து மிதவையைத் தூக்கும். பம்ப் ஏற்றாவிட்டாலும் குழி நிரம்பி அதே மிதவையைத் தூக்கும். இரண்டுக்கும் ஒரே விளக்கு. தொட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் பிடிபடாது.

முப்பது வருடம் சம்ப் கழுவி, மோட்டார் போட்டு, 'ஓடுது, ஆனா ஏறலை' என்று பிளம்பரிடம் சண்டை பிடித்த அனுபவம் அம்மாவுக்கு. சுலபமானதிலிருந்து தொடங்கச் சொன்னார். முதல் வேலையாக ப்ளக்கைச் சுவரிலிருந்து உருவினார்கள். தொட்டி கடைசி வரை சரியாகப் பொருந்தியிருக்கிறதா, அதன் வாயில் உள்ள வலை அடைத்திருக்கிறதா என்று பார்த்தார்கள். சரியாகவே இருந்தது. அடுத்து, கீழ்க்கதவைத் திறந்து கண்டென்சரை வெளியே இழுத்தபோது, சாம்பல் நிறக் கம்பளி போலப் பஞ்சுத்தூசி அப்பியிருந்தது. குளியல் தொட்டியில் வைத்துக் கழுவக் கழுவ, கறுப்புத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தால் குழியில் தண்ணீர் தேங்கி நின்றது. ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தார்கள். பழைய டிரையர், வாரன்டி முடிந்தது. அதனால் துணிந்து, பின்பக்கம் இருந்த பம்பின் மூடியையும் மருமகன் கழற்றினார். மிதவையைச் சுற்றிப் பஞ்சு. பம்பின் குட்டி விசிறியில் பஞ்சும் தலைமுடியும் திரித்த நூலாய்ச் சுற்றியிருந்தன. "ஃபுட் வால்வுல பாசி அடைச்ச கதைதான்" என்று அம்மா ஒரு ஹேர்பின்னை நீட்டினார். பிடுங்கி எடுத்ததும் விசிறி விரல் பட்டவுடன் சுற்றியது. குழாய் எங்கும் மடங்கவில்லை என்பதையும் பார்த்துவிட்டு மூடினார்கள்.

மறுபடி ஓட்டியபோது மூன்று பேரும் பேசாமல் நின்றார்கள். கால் மணி நேரம் போனபின் மேல் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம். "ஏறுது" என்றார் அம்மா. துணி காய்ந்து முடிந்ததும் தொட்டியில் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது.

பஞ்சு அடைப்பதால் துணி காயாமல் போவது மட்டும் பிரச்னையில்லை. பஞ்சு எளிதில் தீப்பிடிக்கும். 2016 ஆகஸ்டில் மேற்கு லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பெரும் தீ பரவியதற்குக் காரணம், பழுதான ஒரு டிரையர். வீட்டில் ஆள் இல்லாதபோதும் தூங்கும்போதும் டிரையரை ஓட விடாதீர்கள் என்று லண்டன் தீயணைப்புத் துறை சொல்வது இதனால்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 'ஹீட் பம்ப்' வகை டிரையராக இருந்தால், குளிர்விக்கும் பகுதியை வெளியே இழுக்க முடியாது. ஃபிரிட்ஜ் போல உள்ளே அடைத்த வாயு இருக்கிறது. கையேடு சொல்கிறபடி மேலாகத் தூசி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வாரன்டி இருந்தால் பின்பக்கத்தைத் தொடவே வேண்டாம். சுத்தம் செய்த பிறகும் பம்பில் சத்தமே இல்லை என்றால் மெக்கானிக்கை அழைத்துவிடலாம்.

மறுநாள் காலை மகள் ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டிரையருக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்து, "இந்த வலையை எப்படிம்மா கழட்டினே? எனக்கும் காட்டு" என்றாள்.

ஒவ்வொரு முறை ஓட்டிய பின்னும் பஞ்சு வலையை வழித்து, தொட்டியைக் காலி செய்வது. மாதம் ஒருமுறை கண்டென்சரைக் கழுவுவது. அம்மா சொல்லச் சொல்ல, மகள் ஒரு தாளில் எழுதி டிரையரின் பக்கவாட்டில் ஒட்டினாள். அம்மா ஊருக்குத் திரும்பி மாதங்கள் ஆகின்றன. இப்போதும் வீடியோ காலில் பேத்தியைப் பார்த்து முடித்ததும் அவர் கேட்பது ஒன்றுதான். "டேங்க்ல தண்ணி ஏறுதாடி?"