சாவியா, தொறப்பா?

சேலம் பஸ்ஸிலிருந்து ஆண்டகளூர் கேட்டில் இறங்கினேன். ரோட்டோரம் குச்சிக்கிழங்குக் காடு. அம்மாயி போனபின் வீடு பூட்டியே கிடக்கிறது.

"சாவி குடுங்க ஆத்தா" என்றேன், பக்கத்து வீட்டில்.

"சாவியா? மழையில்லாம எஞ் சோளந்தான் சாவியாப் போச்சு! தொறப்புன்னு கேளு கண்ணு" என்றது ஆத்தா, குறும்பாக.

பி.காம். புத்தி கணக்குப் பார்த்தது. பயிர்ச் சாவி, 'சா' என்ற நம் வேரில் பிறந்தது. பூட்டுச் சாவிக்கோ பூர்வீகம் லத்தீன் 'கிளாவிஸ்'. அதுதான் இத்தாலியில் 'கியாவே', ஸ்பெயினில் 'யாவே', பிரான்ஸில் 'கிளே'. போர்த்துக்கல்லில் அந்நாளில் 'சாவெ'. 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தார். பின்னாலேயே வந்த போர்த்துக்கீசியர் ஜன்னல், அலமாரி, மேசையோடு சாவியையும் தமிழுக்குத் தந்துவிட்டுப் போனார்கள். கடலே இல்லாத நம்ம ஊர் வரை அது வந்து, தொறப்பை ஓரங்கட்டிவிட்டது!

ஆத்தா முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தந்தது. அம்மாயி கைபட்டுத் தேய்ந்த தொறப்பு.

ஊர் திரும்பியதும் பையனிடம் காட்டினேன். "இது என்னடா?"

"கீ, டாடி!"

போச்சுடா... சாவிக்கும் ஆள் வந்தாச்சு! மடியில் உட்கார்த்தி, "தொறப்பு, சொல்லு" என்றேன்.

"தொர்ப்பு" என்றான்.

போதும் சார். ஒரு தலைமுறை தாங்கும்.