வாயிலில் நின்றவர்கள்

திருநாவலூர்க்காரர்களுக்குத் 'தடுத்தல்' என்னும் சொல் சற்று நெருக்கமானது. எங்கள் ஊரில் பிறந்த சுந்தரரின் கதையே ஒரு தடுப்பில்தான் தொடங்குகிறது. மணப்பந்தலில் ஒரு முதியவர் வந்து நின்று, இவன் எனக்கு அடிமை என்று ஓலையைக் காட்டி மணத்தை நிறுத்துகிறார். பெரியபுராணத்தில் அப்பகுதிக்குச் சேக்கிழார் இட்ட பெயர் 'தடுத்தாட்கொண்ட புராணம்'. வகுப்பில் அதைப் பாடமாகக் கேட்ட அதே ஆண்டுகளில், மாலையானால் தடுப்பதையே கூலிவேலையாகச் செய்துகொண்டிருந்தோம் என்பதை இன்று எங்கள் மாணவர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

2001 முதல் 2003 வரை, முதுகலைத் தமிழ் பயின்ற காலம். ஊரிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் புதுச்சேரிக்குச் சென்று ஒரே அறையில் தங்கியிருந்தோம், மூவர். திருநாவலூர் அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல்தான். மூவர் வீட்டிலும் கரும்பும் மணிலாவும் மழையை நம்பியிருந்தன. அறை வாடகைக்கும் உணவு விடுதிக் கணக்குக்கும் ஊரிலிருந்து பணம் வராத மாதங்களே மிகுதி. மூவரில் இருவர் கபடி ஆடிய உடம்புக்காரர்கள். அந்த உடம்பைப் பார்த்துத்தான் ஒரு மதுக்கூடத்தில் எங்களை வாயிலில் நிற்கச் சொன்னார்கள். இன்று 'பவுன்சர்' என்கிறார்கள். அன்று அந்த வேலைக்கு எங்களிடம் பெயரில்லை. உள்ளே பரிமாறுகிறவர்கள் எங்களை 'வாசல் பசங்க' என்றழைத்தார்கள். அதுவே பதவிப் பெயராயிற்று.

வேலையை விளக்கிய மேலாளர் சொன்னது நினைவிருக்கிறது. "தம்பி, யாரு மேலயும் கை வைக்காதீங்க. பேசியே வெளிய கொண்டாந்துடணும். கை வச்சா போலீசு வரும், போலீசு வந்தா யாவாரம் போவும்." அடிப்பதற்காக எங்களை வைக்கவில்லை, அடிக்காமல் இருக்க வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளச் சில வாரங்கள் ஆயின. நிறை குடிகாரரை எதிரே நின்று தடுக்கக் கூடாது. பக்கவாட்டில் நின்று தோளணைத்துத் திருப்ப வேண்டும். உறவுமுறை சொல்லி அழைத்தால் பாதிக் கோபம் இறங்கும். நண்பர்கள் முன்னிலையில் அவமானப்படுத்தினால் அடி நிச்சயம். இவை எந்த நூலிலும் இல்லாத பாடங்கள்.

ஆனால் 'இல்லை' என்னும் சொல்லை மட்டும் எப்படிச் சொன்னாலும் அச்சம் இருந்தது. அதற்கு ஈராண்டு முன்பு, 1999 ஏப்ரல் இறுதியில், தில்லியில் ஒரு விருந்தில் நேரம் முடிந்துவிட்டது, மது இல்லை என்று சொன்னதற்காக ஜெசிகா லால் சுடப்பட்டு இறந்திருந்தார். 2006 பிப்ரவரியில் கீழ் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்ததும், அவ்வாண்டு டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் தண்டனை வழங்கியதும் பின்னாளைய செய்திகள். மறுக்கும் ஒருவர் மீது மறுக்கப்பட்டவருக்கு வரும் சினம் எத்தகையது என்பதை வாயிலில் நின்றவர்கள் அறிவார்கள்.

ஓரிரவு, கட்டட வேலைக்கு வந்த நடுத்தர வயதினர் ஒருவரை வெளியேற்றச் சொன்னார்கள். பணம் தீர்ந்த பிறகும் எழ மறுத்தார். பேச்சைக் கேட்டதுமே நம் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது. "அண்ணே, நேரமாச்சு, வாங்க" என்று தோளைத் தொட்டதும் அழத் தொடங்கினார். சட்டைப்பையில் இருந்த எங்கள் பாடக்குறிப்பைப் பார்த்து, "படிக்கிற புள்ளைங்களா நீங்க? உங்களுக்கு ஏன்டா இந்தப் பொழப்பு?" என்றார். மூவரிடமும் பதிலில்லை. மதுக்கூட வாசலோடு எங்கள் கடமை முடிந்தது. எனினும் ஒருவர் வாயிலில் நிற்க, இருவர் அவரைப் பேருந்து நிலையம்வரை நடத்திச் சென்று, விழுப்புரம் வண்டியில் ஏற்றி, நடத்துநரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினோம். அன்றைய கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுவாரமோ அதற்கடுத்த வாரமோ வகுப்பில் மெய்ப்பொருள் நாயனார் புராணம் வந்தது. திருக்கோவலூர் அரசர், அவ்வூரும் இன்று எங்கள் மாவட்டத்தில்தான் உள்ளது. அடியவர் வேடத்தில் வந்த முத்தநாதன் வாயில்கள் பலவற்றைக் கடந்து செல்கிறான். கடைசி வாயிலில் தத்தன் என்னும் காவலன் மட்டும், அரசர் உறங்குகிறார், பொழுதறிந்து செல்லுங்கள் என்று தடுத்துப் பார்க்கிறான். வந்தவன் கேளாமல் உள்ளே புகுகிறான். ஏட்டுக்கட்டில் மறைத்த கத்தியால் அரசரைக் குத்துகிறான். வாளோங்கிய தத்தனைத் தடுத்த அரசர், அக்கொலையாளியை ஒருவரும் தீண்டாமல் ஊரெல்லைக்கு அப்பால் விட்டு வரச் சொல்கிறார். சூழ்ந்த மக்களை விலக்கிக்கொண்டு தத்தன் அவ்வாறே செய்து திரும்புகிறான். அதைக் கேட்ட பிறகே அரசர் உயிர் விடுகிறார்.

ஆசிரியர் அரசரின் பக்தியை விளக்கிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் நாங்கள் மூவரும் தத்தனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் தடுத்தான், கேட்கவில்லை. பழி தீர்க்க எழுந்தான், விடவில்லை. கடைசியில் வெறுக்கத்தக்கவனைப் பத்திரமாக வெளியே கொண்டு சேர்ப்பதே அவன் வேலையாயிற்று. புறநானூற்றில் அதியமானின் வாயிற்காவலனிடம் ஔவையார் சினந்து பேசுவதை எல்லோரும் புகழ்ந்து படிக்கிறோம். அந்தக் காவலன் என்ன நினைத்தான் என்பதற்குப் பாட்டில் இடமில்லை. பரிசில் தராமல் காலம் நீட்டித்தவன் உள்ளே இருக்கிறான். சொல் வாங்குகிறவன் வாயிலில் நிற்கிறான். இதை அன்று தேர்வில் எழுத இயலவில்லை. இப்போது வகுப்பில் சொல்லி வருகிறோம்.

வாயிலில் நின்று பின்னர் புகழ்பெற்றவர்களும் உண்டு. 2025 ஏப்ரலில் மறைந்த போப் பிரான்சிஸ், இளமையில் பியூனஸ் அயர்ஸில் மதுக்கூடக் காவலராக வேலை செய்ததை 2013-இல் தாமே சொன்னார். அவர் பின்னர் பள்ளியில் இலக்கியம் கற்பித்தவர். 1965-இல் போர்ஹேஸைத் தம் மாணவர்களிடம் பேச அழைத்தவர். வாயிலிலிருந்து வகுப்பறைக்குச் சென்ற வழி எங்களுக்கு மட்டுமே உரியதன்று என்று அறிந்தபோது சிறு மகிழ்ச்சி.

இந்தியாவில் தனியார் பாதுகாப்பு முகமைகளுக்கான சட்டம் 2005-இல் வந்தது. எங்கள் காலத்தில் பயிற்சி என்பது முதல் அடி வாங்குவது. இப்போது எங்கள் பழைய மாணவர்களில் சிலர் இங்கிலாந்தில் மேற்படிப்புக்குச் சென்று, அங்கே உரிமம் பெற்று இரவில் மதுக்கூட வாயிலில் நிற்கிறார்கள். ஒருவர் தொலைபேசியில், "ஐயா, குளிருதான் கஷ்டம், மத்ததெல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான்" என்றார்.

புதுச்சேரியில் நாங்கள் நின்ற இறுதி ஆண்டில், 2003-இல், தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் வழியாக அரசே ஏற்றது. மேற்பார்வையாளர் பணிக்குப் பட்டதாரிகள் வரிசையில் நின்றார்கள். எங்கள் வகுப்புத் தோழர்களும் அதில் இருந்தனர். படித்தவனுக்கும் சாராயத்துக்கும் உள்ள தொலைவு அவ்வளவுதான் என்று அன்று வேடிக்கையாகப் பேசிக்கொண்டோம்.

2024 ஜூனில் அந்த வேடிக்கை முற்றிலும் வற்றிவிட்டது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி, 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மதுக்கூடத்தில் காசிருக்கும் குடிகாரருக்கு நிழலுண்டு, நாற்காலியுண்டு, போதும் அண்ணே என்று தோளைத் தொட ஓர் ஆளும் உண்டு. அந்த ஆளைக் கடை தன் வியாபாரத்துக்காகவே வைத்திருக்கிறது என்றாலும், அவன் கை சில வேளைகளில் ஓர் உயிரைப் பேருந்தில் ஏற்றிவிடுகிறது. உறையில் சாராயம் வாங்கிக் குடித்த அக்கூலிக்காரர்களுக்கு வாயிலும் இல்லை, வாயிலில் நிற்கத் தத்தனும் இல்லை.

அவ்வாரம் எங்கள் மூவரில் ஒருவர் பேசினார். நெடுநேரம் ஒன்றும் சொல்லாமலிருந்துவிட்டு, "அந்த அண்ணனை அன்னிக்கி விழுப்புரம் வண்டியில ஏத்துனோமே, அவரு ஊரு கள்ளக்குறிச்சி பக்கந்தானே?" என்று கேட்டார். ஊர்ப்பெயரை அன்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்டிருக்கவில்லை.