கரும்பு பிறந்த தீவின் சாலை

பப்புவா நியூ கினியின் தலைநகரம் போர்ட் மோர்ஸ்பி. அங்கிருந்து அந்நாட்டின் மலைப்பகுதிக்குச் சாலை கிடையாது, விமானத்தில்தான் போக வேண்டும். நாட்டு மக்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கினர் மலைநாட்டில் வாழ்கிறார்கள். அவர்களுக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் சாலை. வடகிழக்குக் கரையில் லே துறைமுகத்தில் தொடங்கி, மார்க்கம் சமவெளியைக் கடந்து, மலையேறி, மவுண்ட் ஹேகன் போய்ச் சேரும் ஹைலண்ட்ஸ் ஹைவே. நீளம் நானூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சென்னையிலிருந்து மதுரை போகும் தூரத்தைவிடக் குறைவுதான். ஆனால் ஒரே மூச்சில் ஓட்டுபவர்கள் லாரிக்காரர்கள் மட்டும். குழந்தை குட்டியோடு போகிறவர்கள் நடுவே கொரோகாவில் தங்கிவிடுவது நல்லது. நாங்களும் தங்கினோம்.

நாங்கள் என்றால் நான், மனைவி, மகள், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா. வேலை நிமித்தம் லேயில் குடியிருந்த காலம் அது. அம்மா திருவையாற்றுப் பக்கத்து ஆள். கரும்பு, வாழை, வெற்றிலைக் கொடிக்கால் மூன்றையும் பார்த்து வளர்ந்தவர். சுற்றுலாக் கையேடு சொல்லாத பலதை இந்தச் சாலையில் அம்மாதான் எங்களுக்குக் காட்டினார். வண்டி ஓட்டியவர் சிம்பு மாகாணத்துக்காரர், பேச்சு குறைவு. எந்த ஊரில் நிறுத்தலாம், எங்கே நிறுத்தவே கூடாது என்பது அவருக்குத் தெரியும். இந்தச் சாலையில் வழிப்பறி உண்டு. இருட்டிய பிறகு யாரும் குடும்பத்தோடு ஓட்ட மாட்டார்கள்.

லேயில் மழை ஓயாது, ஆண்டுக்கு நான்கு மீட்டருக்கு மேல் கொட்டும். சாலைக் குழிகளுக்குப் பேர்போன ஊர். 1937 ஜூலையில் அமேலியா இயர்ஹார்ட் கடைசியாகப் புறப்பட்டது இங்கிருந்துதான். ஊரைத் தாண்டி நட்சாப் விமான நிலையத்தைக் கடந்ததும் மழை பின்தங்கிவிடுகிறது. மார்க்கம் ஆற்றின் இரு பக்கமும் குனாய் என்கிற ஆளுயரப் புல், நடுவே தென்னை, வெயில். சாலையோரத்தில் வேர்க்கடலையைச் செடியோடு பிடுங்கிக் கட்டுக்கட்டாக அடுக்கி விற்கிறார்கள். பக்கத்திலேயே பாக்கு.

பாக்கை இங்கே புவாய் என்கிறார்கள். பாக்கு மரம் மலைக்குளிரில் வராது, ஆனால் மலைக்காரர்களுக்குப் பாக்கு இல்லாமல் பொழுது போகாது. அதனால் மலை வியாபாரிகள் சமவெளிக்கு இறங்கி வந்து மூட்டை மூட்டையாக வாங்கி, பி.எம்.வி. என்கிற பொதுப் பயண வண்டிகளின் கூரையில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஏற ஏற விலையும் ஏறும். ஒரு கடையில் அம்மா இறங்கிப் பார்த்தார். பச்சைப் பாக்கு இருந்தது, சிப்பியும் பவளமும் சுட்ட சுண்ணாம்பு இருந்தது, வெற்றிலை இல்லை.

“இலை எங்கேடா?”

“இங்க இலை போட மாட்டாங்கம்மா. அந்தக் கொடியோட காயைத்தான் கடிப்பாங்க.”

கடைக்காரப் பெண் செய்து காட்டினார். பாக்கின் தோலைப் பல்லால் உரித்து, பருப்பை மென்று, திப்பிலியின் நீட்டு வடிவில் இருந்த வெற்றிலைக் காயைச் சுண்ணாம்பில் தோய்த்து ஒரு கடி. வாய் சிவந்தது. “நல்ல இலையையெல்லாம் வீணாக்கிட்டுக் காயைத் திங்கிறாங்களே” என்று அம்மா அங்கலாய்த்தார். ஆனாலும் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டார். ஐந்தே நிமிடத்தில் நெற்றியெல்லாம் வியர்வை. பாக்கு சொக்கிவிட்டது. அடுத்த முப்பது கிலோமீட்டருக்கு வண்டிக்குள் பேச்சே இல்லை. ஓட்டுநர் முதல்முறையாகச் சிரித்தார்.

வாட்டராய்ஸ் என்ற இடத்தில் மடாங் சாலை வலப்பக்கம் பிரிந்துபோகிறது. நம் சாலை இடது பக்கம் திரும்பிக் காசம் கணவாயில் ஏறத் தொடங்குகிறது. வளைவுக்கு வளைவு வெப்பம் குறைந்தது. மேலிருந்து திரும்பிப் பார்த்தால் மார்க்கம் சமவெளி முழுதும் தெரியும். சுரங்கங்களுக்கும் எரிவாயுக் களங்களுக்கும் சரக்கு ஏற்றிய கன்டெய்னர் லாரிகள் எங்களுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு லாரி மூச்சுவாங்கி நின்றால் பின்னால் இருக்கும் அத்தனை வண்டியும் நிற்க வேண்டும். நின்ற இடத்தில் சிறுவர்கள் மண்வெட்டியோடு வந்து சாலைக் குழியில் மண் போட்டுவிட்டுக் காசு கேட்டார்கள். அடைத்த குழியையே மறுநாள் அவர்களே தோண்டுவார்கள் என்று லேயில் கேலி பேசுவார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 1950களில் மலைநாட்டுச் சாலைகளைப் போட்டது கியாப் எனப்பட்ட ஆஸ்திரேலிய அதிகாரிகளின் மேற்பார்வையில் இந்த ஊர்களின் ஆண்களும் பெண்களும்தான். பெரும்பகுதி வெறும் மண்வெட்டியாலும் குத்துக்கோலாலும் வெட்டியது. தாத்தா வெட்டிய சாலையில் பேரன் இரண்டு கினா கேட்டால் கொடுத்துவிட்டுப் போகலாம்.

கைனாந்துக்குப் பிறகு வழியெல்லாம் காபி. பெரிய எஸ்டேட் என்று அதிகம் இல்லை. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம், சரிவில் கொஞ்சம் என்று ஒவ்வொரு குடும்பமும் அராபிகா வைத்திருக்கிறது. பறித்து, தோல் நீக்கி, முற்றத்தில் நீலத் தார்ப்பாயில் காயவைத்திருந்தார்கள். நாட்டின் காபியில் மிகப் பெரும்பகுதி இப்படிச் சிறு குடியானவர்களின் கையிலிருந்து வருகிறது.

கொரோகா அழகான, குளிரான ஊர், 1,600 மீட்டர் உயரம். 1957 முதல் அங்கே நடக்கும் கொரோகா ஷோ உலகப் பிரசித்தம். இறகுக் கிரீடங்கள், பூசிய முகங்கள், பக்கத்து அசாரோவின் மண்முகமூடி மனிதர்கள். இந்நாட்டைப் பற்றி வெளியே அச்சாகும் படங்களில் பாதி அங்கே எடுத்தவை. நாங்கள் போனது ஷோ காலம் அல்ல, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அந்தப் படங்களைப் பார்த்து “கற்கால மனிதர்கள்” என்று எழுதிப் பழகிவிட்டார்கள். கொரோகா சந்தையைப் பத்து நிமிடம் சுற்றியவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். கோசும் கேரட்டும் ஒரு வரிசை, சேப்பங்கிழங்கும் வள்ளிக்கிழங்கும் ஒரு வரிசை, காய் நாலு பக்கமும் சிறகு விரித்த சிறகவரை ஒரு வரிசை, ஆளைவிட உயரமான கரும்புக் கட்டுகள். மகளுக்கு ஒரு பிலும் வாங்கினோம். கையால் முடிந்த நூல்பை அது. பெண்கள் அதை நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுக் கிழங்கும் சுமக்கிறார்கள், கைக்குழந்தையும் சுமக்கிறார்கள்.

கொரோகாவிலிருந்து மேற்கே டாவ்லோ கணவாய், 2,478 மீட்டர். மேகத்துக்குள் வண்டி புகுந்தது. கணவாய்க்கு அப்பால் சிம்பு மாகாணம். இந்தச் சாலையில் நான் மறுபடி போக விரும்பும் பகுதி இதுதான்.

சிம்புவில் சமநிலம் என்பது அபூர்வம். சுண்ணாம்புப் பாறை மலைகள், கீழே ஆறு, நடுவே சாலை. நாட்டின் உச்சியான 4,509 மீட்டர் வில்லெல்ம் மலை வடக்கே இருக்கிறது. மழையில் சாலையின் ஒரு பக்கம் அடிக்கடி சரிந்துபோகும். அந்தச் சரிவுகளில், நிற்கவே பயமாக இருக்கும் இடத்தில், தோட்டம் போட்டிருக்கிறார்கள். பன்றி நுழையாமல் மரவேலி, மண் அரிக்காமல் குறுக்கே கட்டைகள், வேலிக்குள் வள்ளிக்கிழங்கு, ஓரத்தில் வாழை. சவுக்கு மரங்களைப் பார்த்து அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இதை யாருடா இங்க கொண்டாந்து வெச்சது?”

யாரும் கொண்டுவரவில்லை, அது அவர்கள் மண்ணின் மரம். நம் கடற்கரைச் சவுக்குக்கு உறவான மலைச்சவுக்கு. தோட்டத்து மண் சலித்துப்போனால் அதைத் தரிசாக விட்டுச் சவுக்குக் கன்று நடுகிறார்கள். அதன் வேர் முடிச்சுகள் காற்றின் நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்க்கின்றன. சில ஆண்டுகள் கழித்து மரத்தை வெட்டி வீட்டுக்கும் வேலிக்கும் அடுப்புக்கும் எடுத்துக்கொண்டு, மறுபடி கிழங்கு. வேளாண் கல்லூரிகள் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே நடைமுறையில் இருந்த முறை இது.

கரும்பைப் பார்க்க ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார் அம்மா. தோட்டத்துக்காரப் பெண் கூப்பிட்டு உள்ளே விட்டார். தூர்தூராக நட்டு, வளர வளரக் கழியோடு சேர்த்துச் சோகையாலேயே கட்டியிருந்தார்கள். “விட்டம் கட்டியிருக்காங்க பாரு” என்றார் அம்மா. எங்கள் ஊர்க் கொல்லையில் காற்றுக்குச் சாயாமல் செய்வது அதேதான். பாஷை தெரியாத இரண்டு பெண்களும் சைகையிலேயே கால்மணி நேரம் விவசாயம் பேசினார்கள். ஒரு துண்டு கடித்துப் பார்த்தேன். தடித்த, சாறு நிறைந்த, பல்லுக்கு இதமான கரும்பு.

நாம் பொங்கலுக்குக் கட்டும் கரும்பின் மூதாதை இந்தத் தீவில்தான் பயிராக்கப்பட்டது என்பது தாவரவியலாளர்களின் முடிவு. இங்கிருந்து தீவு தீவாக மேற்கே நகர்ந்து இந்தியா வந்தது. அதியமானின் முன்னோர் கரும்பை எங்கிருந்தோ கொண்டுவந்து தந்ததாகப் புறநானூற்றில் ஔவையார் பாடுகிறார். அந்த ‘எங்கிருந்தோ’வின் மறுமுனை இந்தச் சரிவுகளின் பக்கம் இருக்கிறது. 1912-இல் தொடங்கிய கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம், இந்தத் தடித்த கரும்பின் இனத்தை நம் காட்டு நாணற்கரும்போடு ஒட்டுச் சேர்த்துத்தான் கோ 205 ரகத்தை உருவாக்கியது. வாழையிலும் ஒரு முக்கியக் கிளை நியூ கினியில் பயிரானதுதான்.

குண்டியாவாவைத் தாண்டினால் மலைகள் விலகி வாகி பள்ளத்தாக்கு அகலமாக விரிகிறது. இரண்டாவது உலகப்போருக்குச் சில ஆண்டுகள் முன்பு வரை, இந்த மலைகளுக்குள் மனிதர்களே இல்லை என்றுதான் கரையில் இருந்த வெள்ளையர்கள் நம்பினார்கள். 1930-இல் தங்கம் தேடி மைக் லேஹி உள்ளே வந்தார். 1933-இல் அவரும் தம்பி டானும் ஜிம் டெய்லர் என்ற அரசு அதிகாரியும் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். முதலில் விமானத்தில் பறந்து பார்த்தபோது கீழே தெரிந்தது காடு அல்ல, சதுரம் சதுரமாகப் பாத்தி பிரித்த தோட்டங்கள். மலைநாட்டில் மொத்தம் பத்து லட்சம் பேர் அளவில் வாழ்ந்தார்கள். வந்தவர்கள் கடல்சிப்பிகளை விமானத்தில் இறக்கி, அதையே கூலியாகவும் விலையாகவும் கொடுத்தார்கள். அதில் மிக மதிப்பான முத்துச்சிப்பியின் பெயரைத்தான் 1975-இல் நாட்டின் நாணயத்துக்கு வைத்தார்கள், கினா என்று. லேஹி எடுத்த படச்சுருள்கள் 1983-இல் வந்த ‘ஃபர்ஸ்ட் கான்டாக்ட்’ ஆவணப்படத்தில் இருக்கின்றன. வெள்ளை மனிதர்களை, இறந்துபோன தங்கள் சொந்தக்காரர்கள் திரும்பி வந்ததாக நினைத்ததை முதியவர்கள் அதில் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

மவுண்ட் ஹேகனுக்குப் பக்கத்தில் குக் என்ற சதுப்புநிலம். 1960களின் இறுதியில் அங்கே தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைக்க வடிகால் வெட்டினார்கள். வெட்டிய பக்கச் சுவர்களில் அதைவிடப் பழைய வாய்க்கால்கள் புதைந்துகிடந்தன. ஜாக் கோல்சன் தலைமையில் ஆய்வாளர்கள் தோண்டினார்கள். மேட்டுப் பாத்தியில் பயிர் வைத்த தடயம் ஏறக்குறைய ஏழாயிரம் ஆண்டுப் பழமை, வாழை பயிரிட்ட சான்றும் உண்டு. நிலத்தைத் திருத்தியது பத்தாயிரம் ஆண்டுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். உலகில் யாரிடமும் கற்றுக்கொள்ளாமல் தானாகவே விவசாயம் பிறந்த சில இடங்களில் இது ஒன்று. 2008-இல் யுனெஸ்கோ 116 ஹெக்டேரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

கோபுரத்தையோ இடிபாட்டையோ எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அகழ்ந்த குழிகளை மூடிவிட்டார்கள். கவெல்கா மக்கள் இன்றும் பயிர் வைக்கும் வயல்கள்தான் இருக்கின்றன. மகள் “இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?” என்றாள். அம்மா வாய்க்கால் ஓரமாகவே கொஞ்ச தூரம் நடந்து, வாட்டம் எந்தப் பக்கம் என்று குனிந்து பார்த்தார். “சேத்து நிலத்துல வடிவாய்க்கால் சரியா இல்லேன்னா எதுவும் நிக்காது. இவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கு” என்றார்.

ஹேகனுக்கு அப்பால் சாலை இரண்டாகப் பிரிந்து மேலும் மலைக்குள் போகிறது, ஒன்று வாபாக், போர்கேரா பக்கம், மற்றது மெண்டி, தாரி பக்கம். அங்கே இனக்குழுச் சண்டைகளில் வில்லுக்குப் பதில் துப்பாக்கி வந்துவிட்டது. குடும்பத்தோடு போகிற வழி அல்ல.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பகலில் மட்டும் ஓட்டுங்கள், மலைக்காரர் ஒருவர் வண்டியில் இருக்கட்டும். பச்சைப் பாக்கு பழக்கமில்லை என்றால் கால் பாக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சந்தையில் பேரம் பேசாதீர்கள், அங்கே அது வழக்கமில்லை. குக்கில் ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு வரப்பில் கால் வையுங்கள். உலக மரபுச் சின்னம் என்று பலகை இருந்தாலும் அது அவர்களுக்குச் சோறு போடும் நிலம்.