நிழற்படத்துக்கு ஒரு நிழல்

'போட்டோகிராபி' என்னும் சொல்லின் கிரேக்க வேர்களுக்கு ஒளியினால் எழுதுதல் என்பது பொருள். தமிழில் அக்கலையின் விளைபொருளைக் குறிக்க ஒளிப்படம், புகைப்படம், நிழற்படம் என மூன்று சொற்கள் வழங்குகின்றன. அவற்றுள் நிழற்படம் என்பது ஒளியை விடுத்து அதன் மறுதலையைப் பற்றிக்கொண்ட சொல். அந்த நிழற்படத்துக்கு இன்று இன்னொரு நிழலும் சேர்க்கப்படுகிறது. கணினித் திரையிலே தட்டையாகக் கிடக்கும் படத்தின் மூலைகளைச் சற்றே சுருண்டெழச் செய்து, அவற்றின் கீழ் மெல்லிய சாம்பல்நிற நிழலைப் பரப்பிவிடுகின்றனர். கலியாண அல்பங்கள், பிறந்தநாள் வாழ்த்துக்கள், நினைவு மலர்கள், சங்க மலர்களின் அட்டைகள் ஆகியவற்றில் இவ்வலங்காரத்தைக் காணாதார் இலர். பார்த்த மாத்திரத்தில் மறக்கப்படும் ஓர் அற்ப அலங்காரமே இது எனலாம். ஆயினும் அது எதைப் போலச் செய்கின்றது, எதன் இடத்தில் வந்தமர்கின்றது என்று நோக்குமிடத்து விடயம் அத்துணை எளிதன்று என்பது புலனாகும்.

பழைய படங்கள் சுருண்டது எவருடைய விருப்பத்தினாலும் அன்று. கறுப்பு வெள்ளைப் படங்கள் அச்சிடப்பட்ட காகிதத்தின் ஒரு முகத்தில் மாத்திரமே ஜெலற்றின் படலம் பூசப்பட்டிருந்தது. ஜெலற்றின் ஈரத்தை உறிஞ்சி விரியும். உலரும்போது காகிதத்தைவிடக் கூடுதலாகச் சுருங்கும். ஒரு முகம் சுருங்க மறுமுகம் அவ்வளவுக்குச் சுருங்காதிருப்பதால் படம் தன் முகத்தை நோக்கியே வளையும். மாரிக்கும் கோடைக்கும் இடையே ஈரப்பதன் மாறுந்தோறும் இவ்விழுபறி நிகழ்ந்துகொண்டேயிருக்கும். எனவேதான் கறுத்தத் தாள்கள் கொண்ட அல்பங்களில் படத்தின் நான்கு மூலைகளையும் சிறு முக்கோண உறைகளுக்குட் செருகி வைத்தனர். 1960களின் பிற்பகுதி முதல் இருபுறமும் பிளாஸ்ரிக் படலம் பூசிய காகிதங்கள் பரவத் தொடங்கியதும் சுருளும் இயல்பு பெரிதும் குறைந்தது. ஆகவே சுருண்ட ஓரம் என்பது ஒரு படம் எந்தக் காகிதத்தில் அச்சிடப்பட்டது, எத்தகைய காற்றிலே கிடந்தது, எவ்வாறு பேணப்பட்டது என்பவற்றின் சுவடாகும். ஏடுகளுக்குச் செல்லரித்த தடம் எப்படியோ, படத்துக்கு அதன் சுருள் அப்படி.

கணினியில் இச்சுருள் ஆக்கப்படும் முறை முற்றிலும் வேறானது. போட்டோஷொப் போன்ற மென்பொருளில் ஒரு படம் பல 'லேயர்'களாக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்களைப் போன்ற அடுக்குகளாக, அமைக்கப்படுகின்றது. படத்தின் அடுக்குக்குக் கீழே அதே அளவான கரிய செவ்வகமொன்று நிழலாக இடப்படும். ஜேர்மன் கணிதவியலாளர் காவுஸின் பெயரைத் தாங்கிய மங்கலாக்கும் முறையினால் அதன் ஓரங்கள் கரைக்கப்படும். அதன் அடர்த்தி குறைக்கப்பட்டு, கீழுள்ள பரப்பின் நிறத்தோடு பெருக்கப்படும். இதனால் மேசையின் மரவரியோ துணியின் இழையோ நிழலினூடே தெரியும். இவ்வளவில் படம் ஒரு பரப்பின்மீது கிடப்பதுபோலத் தோன்றுமேயன்றிச் சுருண்டதாகத் தோன்றாது. அடுத்த படியிலேதான் நுட்பம் உள்ளது. நிழலைப் படத்தினின்றும் பிரித்துத் தனி அடுக்காக்கி, 'வோர்ப்' என்னும் வளைக்கும் கருவியினால் அந்நிழலின் கீழ் விளிம்பின் நடுப்பகுதி மேல்நோக்கித் தள்ளப்படும். நடுவில் நிழல் படத்தின் பின்னே மறைந்துவிட, இரு மூலைகளின் கீழ் மாத்திரம் அது எஞ்சி நிற்கும். பார்க்கும் கண்ணோ, நடுப்பகுதி பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கின்றது, மூலைகள் எழுந்திருக்கின்றன என்று தானே முடிவுசெய்து கொள்கின்றது.

இங்கு கவனிக்கவேண்டியது யாதெனில், படம் வளைக்கப்படவேயில்லை என்பதாகும். அது முன்போலவே நேர்கோடுகளாலான செவ்வகமாகவே இருக்கின்றது. வளைந்தது நிழல் மாத்திரமே. நிழலின் சான்றை நம்பிப் பொருளின் வடிவத்தைத் தீர்மானிப்பது மனிதப் பார்வையின் இயல்பு. 1990களில் டானியேல் கேர்ஸ்ரனும் அவருடைய சகாக்களும் நடத்திய பரிசோதனைகள் இதனைத் தெளிவுபடுத்தின. பெட்டியொன்றினுள் ஒரு பந்து ஒரே பாதையிற் செல்வதாகத் திரையிற் காட்டினர். அதன் நிழலின் பாதையை மாத்திரம் மாற்றினர். நிழல் பந்தை ஒட்டிச் சென்றபோது பந்து தரையில் உருள்வதாகவும், நிழல் விலகிச் சென்றபோது பந்து மேலெழுவதாகவும் பார்த்தவர்களுக்குத் தோன்றியது. தமிழ்நாட்டிற் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1988இல் வெளியிட்ட ஆய்வும் இத்தொடர்பில் நினைக்கத்தக்கது. ஒளி மேலிருந்தே வருகின்றது என்ற எடுகோளுடனேயே மூளை ஒளிநிழல் வேறுபாட்டிலிருந்து மேடு பள்ளங்களை உணர்கின்றது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். மென்பொருள் நிழல்கள் வழக்கமாகப் படத்தின் கீழ்ப்புறமாகவே விழுமாறு அமைக்கப்படுவது இதனாலேதான். பொருள் பரப்பை நெருங்க நெருங்க நிழல் கூர்மையடையும், விலக விலக மங்கும் என்ற பௌதிக விதியை மீறினாலும் அலங்காரம் பிசகிவிடும். நல்லதொரு போலி நிழலை இடுவதற்கு உண்மையான நிழல்களை ஊன்றிப் பார்த்திருத்தல் வேண்டும். இவ்வளவில் இது ஒரு பயன்தரும் பயிற்சி என்பதை மறுப்பதற்கில்லை.

கண்ணை இவ்வாறு மயக்கும் கலை கணினியோடு தோன்றியதன்று. வெனிஸ் நகர ஓவியர் ஜியோவன்னி பெல்லினி, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, மடிப்பும் கசங்கலும் தெரியும் சிறு காகிதத் துண்டொன்றை ஓவியத்தினுள் வரைந்து அதன்மீது தம் பெயரைப் பொறித்தார். கோர்னேலியஸ் கைஸ்பிரெஹ்ற்ஸ் என்ற பிளெமிய ஓவியரோ 1670இல் சட்டமிட்ட ஓவியமொன்றின் முதுகுப்புறத்தையே ஓவியமாக வரைந்தார். மரச்சட்டமும் ஆணிகளும் மூலையில் ஒட்டிய இலக்கச் சீட்டும் அதில் உள்ளன. கொப்பன்ஹேகன் கலைக்கூடத்திலுள்ள அவ்வோவியத்தைக் காண்பவர் அதனைத் திருப்பிப் பார்க்கலாமென ஒரு கணம் எண்ணுவர். மறுகணம் தம் கண் ஏமாந்ததை உணர்வர். அவ்வோவியர்களின் நோக்கம் அந்த இரண்டாவது கணமேயாகும். பார்வை எவ்வளவு எளிதில் ஏமாறும் என்பதைக் காட்டுவதற்காகவே அவர்கள் ஏமாற்றினர். மென்பொருள் அலங்காரத்துக்கு அத்தகைய இரண்டாவது கணம் இல்லை. பழைமை தரும் நெகிழ்ச்சியைப் பெற்றுத் தந்துவிட்டால் அதன் பணி முடிந்துவிடுகின்றது.

தோமஸ் நோல், ஜோன் நோல் என்னும் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷொப் 1990இல் வெளிவந்தது. 1995இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்து மாணவர் இருவர் தொடங்கிய 'ஜிம்ப்' என்னும் மென்பொருள் எவரும் விலையின்றிப் பெறத்தக்கதாயிற்று. இந்த ஜிம்ப்பிலே பக்கத்தின் மூலையைச் சுருட்டுவதற்கு ஒரு கட்டளையும், படத்தைப் பழைய படமாக்குவதற்கு வேறொரு கட்டளையும் உள்ளன. கோப்பிக் கறை படிந்ததாகக் காட்டுவதற்கும் தனியாக ஒன்று உண்டு. வீட்டிலே படத்தின்மீது கோப்பி சிந்தினால் ஏச்சு விழும். கணினியில் அதே கறை அழகாகக் கொள்ளப்படுகின்றது. முதுமை இங்கு காலத்தினால் வருவதன்று, கட்டளையினால் வருவது.

இதன் விளைவை ஈழத்துத் தமிழர் வாழ்வில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் துலக்கமாகக் காணலாம். யாழ்ப்பாணச் சமூகத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கிரியையை ஒட்டிக் 'கல்வெட்டு' எனப்படும் நினைவு மலரை வெளியிடுவது வழக்கம். வாழ்க்கை வரலாறும் வம்சவழியும் தோத்திரங்களும் கொண்ட அம்மலருக்கு இறந்தவரின் படம் இன்றியமையாதது. குடும்பத்தார் தேடியெடுத்துவரும் படம் பல வேளைகளில் உண்மையாகவே சுருண்டதாயிருக்கும். ஸ்கானரின் கண்ணாடியில் வைத்து மூடியால் அழுத்தும்போது அச்சுருள் தட்டையாகின்றது. பின்னர் மடிப்புக் கோடுகள் அழிக்கப்படுகின்றன. பல் பல்லாக வெட்டப்பட்ட வெள்ளைக் கரை கத்தரிக்கப்படுகின்றது. பூஞ்சணப் புள்ளிகள் துடைக்கப்படுகின்றன. பின்னணி நீக்கப்பட்டு நீல வானமொன்று வைக்கப்படுகின்றது. இவ்வளவும் முடிந்தபின், படம் வெறுமையாகத் தோன்றுகின்றதென்று, மூலைகளைச் சுருட்டி நிழலிடுகின்றனர். இருந்த சுருளை நீக்கிவிட்டு இல்லாத சுருளைச் சேர்க்கும் இம்முரண்பாடு எவருக்கும் உறுத்துவதில்லை. வடிவமைப்பவரைக் குறை கூறுவதிலும் நியாயமில்லை. அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டிய நேரம் நெருங்கியிருக்கும். படம் வடிவாக இருக்கவேண்டுமென்பதே குடும்பத்தாரின் வேண்டுகோளாக இருக்கும்.

ஆயின் இழக்கப்படுவது சிறிதன்று. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தனர். 2004 டிசெம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை கரையோர வீடுகளை வாரிக்கொண்டது. 2009இல் முடிவுற்ற போரின் இறுதி மாதங்களில் வன்னி மக்கள் கையிற் கிடைத்ததைக்கூட வழியிற் கைவிட்டு நடந்தனர். அல்பங்கள் அழிந்த வீடுகளில் எஞ்சியவை உடுப்புப் பைக்குள்ளோ, அடையாள அட்டையின் பின்னாலோ மடித்துவைத்துக் காப்பாற்றப்பட்ட ஓரிரு படங்களே. அம்மடிப்பு ஒரு குறையன்று. அப்படம் எவ்வழியே வந்ததென்று சொல்லும் சாட்சி அது. படத்தின் பின்புறத்தில் ஸ்ரூடியோவின் முத்திரை இருக்கும், பென்சிலால் எழுதிய திகதி இருக்கும், தாத்தாவின் கையெழுத்தில் ஊர்ப்பெயர் இருக்கும். ஸ்கானர் காண்பது ஒரு முகத்தை மாத்திரமே. 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரங்களில் அமர்ந்து தொடர் போராட்டங்களை நடத்தியபோது நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தவையும் படங்களே. அவற்றுக்கு நிழலிடவேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை. 'இவர் இருந்தார்' என்று சொல்வதற்கு அப்படங்களே போதுமாயிருந்தன.

நினைவு மலர்கள் குடும்பத்துக்குரிய பொருள்களாக மாத்திரம் நின்றுவிடவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' இணைய நூலகத்திலே அவை நூல்களோடும் சஞ்சிகைகளோடும் ஆவணங்களாகச் சேர்க்கப்பட்டுள்ளன. ஊர்களின் வரலாற்றையும் உறவுமுறைகளையும் தொழில்களையும் இடப்பெயர்வுகளையும் ஆராய முற்படும் மாணவனுக்கு அவை மூலாதாரங்கள். அவ்வாராய்ச்சியாளன் ஒரு படத்தின் கரையைப் பார்த்து அது எக்காலத்ததென உய்த்துணர முற்படுவான். அக்கரையே மென்பொருளின் படைப்பாயின் அவன் உய்த்துணர்வதற்கு யாது எஞ்சும்? பொய்யான முதுமை உண்மையான முதுமையின் அடையாளங்களை மதிப்பிழக்கச் செய்கின்றது. எல்லாப் படங்களும் பழைய படங்களைப்போலத் தோன்றும் நாளில் பழைய படம் எதுவெனச் சொல்லும் ஆற்றல் கண்ணுக்கு இல்லாது போய்விடும்.

இதற்காகச் சுருளும் நிழலும் விலக்கப்படவேண்டுமென வாதிடுவது மிகையாகும். விழா அழைப்பிதழிலோ சுவரொட்டியிலோ அது அலங்காரமென்பதை யாவரும் அறிவர். அங்கு வஞ்சனை இல்லை. மங்கிப்போன முகத்தை மீட்டுத் தருவதும் பெருஞ்சேவையே. அடையாள அட்டையிலிருந்த சிறு படமொன்றைத் தவிர வேறெதுவும் எஞ்சாத தாய்க்கு, அதனைப் பெருப்பித்துத் தெளிவாக்கிக் கொடுப்பவர் செய்யும் உதவி அளவிடற்கரியது. வேண்டப்படுவது ஒழுங்கொன்று மாத்திரமே. படத்தை முதலில் அதன் கரைகளோடும் மடிப்புகளோடும், முன்புறமும் பின்புறமுமாகப் பிரதி செய்து, எவ்விதத் திருத்தமுமின்றி வைத்துக்கொள்ளல் வேண்டும். திருத்தமும் அலங்காரமும் அதன் இன்னொரு பிரதியிலேயே செய்யப்படல் வேண்டும். மூலப்படம் ஸ்கானரிலிருந்து எடுக்கப்பட்டவுடன் குப்பைக்கோ கறையானுக்கோ போகாமல் வீட்டுக்குத் திரும்பவேண்டும். இவற்றுக்குச் செலவு எதுவுமில்லை. சில நிமிட நேரமே தேவை.

தத்தம் ஊர்களின் மலர்களை வடிவமைத்துக் கொடுப்பவருள் பல்கலைக்கழக மாணவரும் உளர். அவர்களது மேசைக்கு வந்துசேரும் சுருண்ட படம், அதனைத் தட்டையாக்குவதற்கு முன் ஒருமுறை ஆறுதலாகப் பார்க்கப்படவேண்டியது. ஜெலற்றினும் ஈரமும் ஆண்டுகளும் சேர்ந்து வளைத்த அந்த மூலையின் கீழும் ஒரு நிழல் விழுந்திருக்கும். அதை எவரும் இட்டதில்லை.