பரீட்சை முடியட்டும்



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவர் எவரும் ஒரு தடவையேனும் எழுதிப் பார்க்கும் கட்டுரைத் தலைப்பு ஒன்று உண்டு. “எனது பொழுதுபோக்கு” என்பதே அது. நீங்களும் எழுதியிருப்பீர்கள். தமிழ் ஆசிரியன் என்ற வகையில் இத்தலைப்பில் எழுதப்பட்ட கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். அவற்றுட் பெரும்பாலானவை, “எனது பொழுதுபோக்கு முத்திரை சேகரித்தல் ஆகும்” என்றே தொடங்கும்.

ஒருமுறை பதினோராந் தர வகுப்பில், இவ்வாறு எழுதியிருந்த மாணவர்களை எழுந்து நிற்குமாறு கூறினேன். பதினான்கு பேர் எழுந்தனர். “கடித உறையில் ஒட்டியிருக்கும் முத்திரையைக் கிழியாமல் எப்படிக் கழற்றுவீர்கள்?” என்று கேட்டேன். ஒருவரும் விடை கூறவில்லை. பின்வரிசையில் நின்ற ஒரு மாணவன் மட்டும், “சேர், நாங்கள் கட்டுரைக்குத்தான் முத்திரை சேர்க்கிறது” என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். எனினும் அன்று வீடு செல்லும் வழியெல்லாம் அந்தக் கேள்வியே என் மனத்தில் இருந்தது. ஏனெனில், ஒரு காலத்தில் அதற்கு விடை தெரிந்திருந்த நானும் முத்திரைகளைத் தொட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

விடையை முதலிற் கூறிவிடுகிறேன். முத்திரை இருக்கும் மூலையை உறையோடு சேர்த்துச் சற்றுப் பெரிதாக வெட்டவேண்டும். முத்திரையின் ஓரத்திலுள்ள பற்களிற் கத்தரிக்கோல் படக்கூடாது. வெட்டிய துண்டை ஒரு கிண்ணம் நீரில் மிதக்கவிட்டால், சிறிது நேரத்திற் பசை கரைந்து முத்திரை தானாகவே வழுக்கிக்கொண்டு வரும். அதைச் சாமணத்தால் எடுத்து, தாளொன்றிற் கவிழ்த்து உலரவிட்டு, பின்னர் தடித்த புத்தகமொன்றினுள் ஓர் இரவு வைத்தால் நேராகிவிடும். இழுத்துக் கழற்றினால் முத்திரை கிழியும். பொறுத்திருந்தால் முழுதாகக் கிடைக்கும்.

இதை எனக்குக் கற்றுத்தந்தவன் என் வகுப்பு நண்பன். நான் ஆறாந் தரத்திற் படித்த 1985ஆம் ஆண்டு அது. அவன் படிப்பிற் கெட்டிக்காரன் அல்லன். கணிதப் பாடத்தில் எப்போதும் என்னைப் பார்த்தே எழுதுவான். ஆனால், முத்திரை விடயத்தில் அவனே எனக்கு ஆசிரியன். எங்கள் யாழ்ப்பாணக் கிராமத்திலிருந்து இளைஞர் பலர் வெளிநாடு சென்றுகொண்டிருந்த காலம் அது. எந்த வீட்டுப் பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறான், அந்த வீட்டுக்குக் கடிதம் எப்போது வரும் என்ற விபரமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். “மாமி, கடிதம் உங்களுக்கு, முத்திரை எங்களுக்கு” என்று படலையடியில் நின்று கேட்பான். சில வீடுகளிற் கண்ணீரோடு கடிதம் வாசித்துக்கொண்டிருப்பார்கள். அப்போது மட்டும் அவன் ஒன்றும் கேளாமல் திரும்பிவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அவன் தன் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வருவான். விறாந்தையில் பாயை விரித்து, இருவரும் எங்கள் அல்பங்களைத் திறப்போம். அல்பம் என்பது நூறு பக்கக் கொப்பிதான். அதில் நாட்டுக்கு ஒரு பக்கம். அங்கு நாங்கள் கற்றவை எந்தப் பாடத்திலும் அப்போது வரவில்லை. உலகின் முதல் ஒட்டு முத்திரை 1840ஆம் ஆண்டு பிரித்தானியாவில் வெளிவந்த ஒரு பென்னி பெறுமதியான கறுப்பு முத்திரை என்பதையும், பிரித்தானிய முத்திரைகளில் நாட்டின் பெயர் அச்சிடப்படுவதில்லை என்பதையும், இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வெளியானது என்பதையும் அந்தப் பாயில் இருந்தே அறிந்துகொண்டோம். பழைய முத்திரைகளில் ஆங்கிலத்தில் ‘சிலோன்’ என்று இருப்பதும், 1972ஆம் ஆண்டின் பின் வந்தவற்றில் ‘ஸ்ரீ லங்கா’ என்று மாறியிருப்பதும் எங்களுக்குச் சரித்திரப் பாடத்தை எளிதாக்கின.

பிழையாகவும் பலவற்றைக் கற்றோம். சோவியத் ஒன்றியத்தின் முத்திரைகளில் இருந்த நான்கு எழுத்துக்களை ஆங்கிலமென்று எண்ணி ‘சீ.சீ.சீ.பீ.’ என்றே வாசித்தோம். அவை ரஷ்ய எழுத்துக்கள் என்பதும், ‘எஸ்.எஸ்.எஸ்.ஆர்.’ என்றே வாசிக்கவேண்டும் என்பதும் பின்னரே தெரிந்தது. எங்களை அதிகம் அலைக்கழித்தது ‘ஹெல்வெற்றியா’ என்று எழுதப்பட்ட ஒரு முத்திரை. பாடசாலை நூலகத்தில் இருந்த தேசப்படப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் தேடினோம். அப்படி ஒரு நாடே இல்லை. ஈற்றில் எங்கள் புவியியல் ஆசிரியை விளக்கினார். அது சுவிற்சர்லாந்தின் இலத்தீன் பெயர். ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரொமான்ஷ் என நான்கு தேசிய மொழிகள் உள்ள அந்நாட்டில், ஒரு மொழியையும் முன்னிறுத்தாது பொதுவாக இருக்கும் வகையில் இலத்தீன் பெயரை இடுகிறார்கள் என்றார். “நாட்டை ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள் மச்சான்” என்று நண்பன் வியந்தான்.

1990ஆம் ஆண்டு நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அவ்வாண்டு யூன் மாதம் மீண்டும் போர் மூண்டது. மின்சாரம் இல்லாமற் போனது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் படித்தோம். ஒரு நாள் இரவு அந்த விளக்கின் முன்னால் நான் அல்பத்தை விரித்து வைத்திருந்ததை அப்பா கண்டுவிட்டார். அவர் ஏசவில்லை. “தம்பி, எண்ணெய் விக்கிற விலையிலை இதுக்கே விளக்கு எரிக்கிறாய்? உதைக் கட்டி வை. சோதினை முடியட்டும், பிறகு பார்ப்பம்” என்றார். அல்பம் அலுமாரியின் மேல் ஏறியது. அப்பா கூறியதில் தவறு இருந்ததாக அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பன் வந்தான். நான் படலையிலேயே நின்று, “சோதினை முடிய வா” என்றேன். அவன் சைக்கிளில் இருந்து இறங்காமலே, “எந்தச் சோதினை?” என்று கேட்டான்.

அவன் பகிடியாகத்தான் கேட்டான். ஆனால், அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. சாதாரண தரம் முடிந்ததும் உயர்தரம் வந்தது. அதன் பின் பல்கலைக்கழகம், அதன் பின் வேலை, அதன் பின் குடும்பம். இப்படித்தான் மாணவர்களே, ஒரு பொழுதுபோக்கு எம்மை விட்டுப் போகிறது. “இனிமேல் இது வேண்டாம்” என்று எவரும் முடிவெடுப்பதில்லை. “பிறகு பார்ப்போம்” என்று ஒதுக்கி வைக்கிறோம். அந்தப் ‘பிறகு’ வருவதேயில்லை.

நான் அல்பத்தை மூடி வைத்திருந்த காலத்தில் உலகம் மாறியது. 1990 ஒக்டோபர் 3ஆம் திகதி இரண்டு ஜேர்மனிகளும் ஒன்றாயின. என் அல்பத்தில் மேற்கு ஜேர்மனிக்கு ஒரு பக்கம், கிழக்கு ஜேர்மனிக்கு ஒரு பக்கம் என்று பிரிந்தே கிடந்தன. 1991 டிசெம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. என் அல்பத்தில் அது இன்னும் ஒரே நாடாக இருந்தது. முன்பென்றால் இந்தச் செய்திகளைக் கேட்டவுடன் நண்பனிடம் ஓடியிருப்பேன். அவனும் 1991இல் கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாடு போய்விட்டான். போகுமுன் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்திருந்தானாம். நான் தனியார் வகுப்புக்குப் போயிருந்தேன்.

1993ஆம் ஆண்டு, உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு மாதங்கள் இருக்கையில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. போர்க்காலத்தில் வெளிநாட்டுக் கடிதங்கள் மிகவும் தாமதமாகவே வந்துசேரும். உறையைப் பார்த்ததும் கையெழுத்தை அறிந்துகொண்டேன். உள்ளே நான்கே வரிகள். முதல் வரி இதுதான்: “மச்சான், ஹெல்வெற்றியாவைக் கண்டுபிடிச்சிட்டன்.” கடிதத்தோடு பாவிக்காத இரண்டு முத்திரைகளையும் வைத்திருந்தான். உறையின் பின்புறத்தில் அவனுடைய முகவரி இருந்தது.

எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆயினும், பதில் எழுதுவதாயின் நீளமாக எழுதவேண்டும், அதற்கு இப்போது நேரமில்லை என்று எண்ணினேன். பரீட்சை முடியட்டும் என்று என் வாயாலேயே சொல்லி, கடிதத்தை உறையோடு அல்பத்தின் நடுவில் வைத்து மூடினேன். பரீட்சை முடிந்தது. பிந்திவிட்டதே, என்ன காரணம் சொல்லி எழுதுவது என்ற வெட்கத்தில் மேலும் பிந்தியது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தபோது நாங்களும் தென்மராட்சி நோக்கி நடந்தோம். சான்றிதழ்களைப் பையில் வைத்தேன். அலுமாரியின் மேல் இருந்ததை நான் நினைக்கவேயில்லை. மறு ஆண்டு திரும்பி வந்தபோது கூரை ஓடுகள் பல இல்லை. மழைநீர் பாதியையும் கறையான் மீதியையும் தின்றிருந்தன. முத்திரைகள் போனது பெரிதல்ல, போரில் அதைவிடப் பெரியவற்றை இழந்தோர் எம்மைச் சுற்றி இருந்தார்கள். ஆனால், அந்த முகவரியும் போய்விட்டது. இன்று கைத்தொலைபேசியில் அவன் பெயரைத் தட்டினால் அதே பெயரில் எத்தனையோ பேர் வருகிறார்கள். அவர்களில் என் நண்பன் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, பொழுதுபோக்கு என்பது வெறுமனே பொழுதைப் போக்குவதன்று என்பதைப் பிந்தியே விளங்கிக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த பாலம் அந்த முத்திரைகளே. படிப்பிலோ குடும்ப நிலையிலோ எங்களுக்குள் ஒற்றுமை இருக்கவில்லை. அந்தப் பாயில் மட்டுமே நாங்கள் சமமானவர்கள். உண்மையைச் சொன்னால், அங்கு அவனே என்னைவிட உயர்ந்தவன். நான் பொழுதுபோக்கை ஒதுக்கியபோது அவனையும் சேர்த்தே ஒதுக்கியிருக்கிறேன்.

அப்படியாயின் பரீட்சைக் காலத்திலும் விளையாடிக்கொண்டிருங்கள் என்றா சொல்கிறேன்? இல்லை. ஒதுக்கி வைப்பது தவறன்று, திகதி சொல்லாமல் ஒதுக்கி வைப்பதே தவறு. “பரீட்சையின் கடைசி வினாத்தாள் முடிந்த மறுநாள் பின்னேரம் வா” என்று என் நண்பனிடம் சொல்லியிருந்தால் அவன் வந்திருப்பான். உங்கள் பாட அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமை அரை மணித்தியாலம் ஒதுக்கினால், பெறுபேறு குறைந்துவிடாது. அமெரிக்க ஜனாதிபதியாக 1933 முதல் 1945 வரை இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ற் சிறுவயதிலே தொடங்கிய முத்திரை சேகரிப்பைக் கடைசிவரை விடவில்லை. 1921இல் இளம்பிள்ளைவாத நோய் அவரது கால்களைச் செயலிழக்கச் செய்த நாட்களிலும் அது அவருக்குத் துணையாக இருந்தது. இரண்டாம் உலகப் போரை நடத்தியவருக்குக் கிடைத்த அரை மணித்தியாலம் எமக்கும் கிடைக்கும்.

இனி, கட்டுரைக்கு வருவோம். அந்தப் பதினான்கு பேரையும் நிற்கவைத்த நாளுக்கு மறுவாரம், “நான் கைவிட்ட பொழுதுபோக்கு” என்று தலைப்பை மாற்றிக் கொடுத்தேன். தான் சித்திரம் வரைந்த கொப்பியை அம்மா அலுமாரியின் மேல் வைத்த நாளைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தாள். பென்சில் சீவிய தூளின் மணம், தொங்கலில் பாதியில் நின்றுபோன ஒரு மாட்டின் படம், கதிரையில் ஏறினாலும் எட்டாத அந்த உயரம் எல்லாம் அதில் இருந்தன. பழமொழி ஒன்றுகூட இல்லை. அவ்வாண்டு நான் வாசித்த கட்டுரைகளில் அதுவே சிறந்தது. நீங்கள் உண்மையில் செய்ததை எழுதுங்கள். செய்யாததை எழுதினால் சொற்கள் வரும், பொருள் வராது.

அண்மையில் உறவினர் ஒருவர் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த கடித உறையொன்றை எனக்குத் தந்தார். பல ஆண்டுகளின் பின் கத்தரிக்கோலையும் கிண்ணத்தையும் எடுத்தேன். மூலையை வெட்டி நீரிலிட்டுக் காத்திருந்தேன். நெடுநேரமாகியும் கழலவில்லை. இக்காலத்து முத்திரைகள் பல தாமே ஒட்டும் வகையின என்பதும், அவை நீரில் எளிதிற் கழலமாட்டா என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. துண்டை அப்படியே உலரவைத்து, புதிய கொப்பி ஒன்றின் முதற் பக்கத்தில் ஒட்டினேன். மேலே ‘ஹெல்வெற்றியா’ என்று எழுதினேன்.

மாணவர்களே, உங்கள் வீட்டு அலுமாரியின் மேலும் ஏதாவது இருக்கும். பரீட்சை முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும். ஆனால், அதை இறக்கும் திகதியை இன்றே உங்கள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அதிலே உங்களுக்கு ஒரு கூட்டாளி இருந்தால், அந்தத் திகதியை அவருக்கும் சொல்லிவிடுங்கள்.